ஏழாம் நம்பர் ரஞ்சனியும் கல்லூரியின் ஐந்து அறிக்கைகளும்

சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள் ரஞ்சனி. அவளுக்கு மூச்சு நீளம் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய அம்மா காத்தாயிதான். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் ரஞ்சனி அழ ஆரம்பித்தால், எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் காத்தாயிக்குக் கேட்குமாம். நடுவில் மூச்சு வாங்க ஒரு தடவைகூட நிறுத்த மாட்டாளாம். "இந்தப் புள்ள வளந்தா ஒண்ணு மேடையில பாடணும், இல்லாட்டி யார்கூடயாச்சும் சண்டை போடணும்" என்று காத்தாயி சொல்லிவைத்தாள். ரஞ்சனி இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடப் போனாள்.

அப்பா இருளப்பன் பதினான்கு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். பேச்சுக் குறைவு. மகள் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பள்ளி மைதானத்துக்குப் போய் நின்றார். எதிர்ப்பக்கத்து ஆறு பேர் அவள் மேல் விழுவதையும், அவள் அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து கையை நீட்டிக் கோட்டைத் தொடுவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு போடு" என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

அப்படி ஆடி ஆடித்தான் குன்னூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். சேர்ந்தாள். அது தேயிலைக்குப் போதாத காலம். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்தது. சிறு விவசாயிகள் கொழுந்தைப் பறிக்காமல் செடியிலேயே விட்டார்கள். எஸ்டேட்டில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. குன்னூர் டீக்கடைகளில் கூட்டம் இருந்தது. ஆனால் யாரைக் கேட்டாலும் முகம் வாடித்தான் பேசினார்கள். அந்த வருடம்தான் ரஞ்சனியின் அணி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோயம்புத்தூர் வரைக்கும் போய் இறுதியாட்டத்தில் நின்றது.

எதிரணிக்குள் பாடிப் போகும் கடைசி முறை. ஒரு புள்ளி தேவை. ரஞ்சனி ஏழாம் நம்பர் பனியனோடு உள்ளே போனாள். "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே நின்றாள், நகர்ந்தாள், குனிந்தாள், மறுபடி நின்றாள். எதிரணிப் பெண்கள் அவள் மூச்சு தீரட்டும் என்று காத்திருந்தார்கள். அது தீரவில்லை. ஆறாயிரம் அடி உயரத்தில் மேடேறிப் பழகிய நுரையீரல் கீழே இறங்கினால் எப்படி வேலை செய்யும் என்று சமவெளிக்காரிகளிடம் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. பொறுமை இழந்த ஒருத்தி பாய்ந்தாள். ரஞ்சனி அவள் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தாள். கோப்பை குன்னூருக்கு.

பிறகு நடந்ததற்கெல்லாம் கல்லூரி வேன்தான் காரணம். பர்லியார் தாண்டி மூன்றாவது வளைவில் அது ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. தேயிலைத் தூள் மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டு வெறுமனே மேலே வந்துகொண்டிருந்த ஒரு லாரியை உடற்கல்வி ஆசிரியர் வெற்றிச்செல்வன் கைகாட்டி நிறுத்தினார். பன்னிரண்டு பெண்களையும் கோப்பையையும் அதில் ஏற்றினார். அவர் மட்டும் வேனுக்குக் காவலாக நின்றுகொண்டார்.

"நேரா ஹாஸ்டலுக்குப் போயிருங்க. நடுவுல எங்கயும் எறங்கக் கூடாது. சுமலதா, நீதான் கேப்டன், உன் பொறுப்பு" என்றார்.

"செரிங்க சார்" என்றாள் சுமலதா. சொல்லும்போது உண்மையாகவே சொன்னாள்.

லாரியின் பின்பக்கம் தேயிலைத் தூள் ஒட்டிய பலகை. வளைவுக்கு வளைவு பன்னிரண்டு பேரும் இந்தப் பக்கம் சரிந்தார்கள், அந்தப் பக்கம் சரிந்தார்கள். ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு சிரிப்பு. யாருக்கும் தலைகால் புரியவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது லாரி நின்றது. எதிரே தேயிலை விவசாயிகளின் ஊர்வலம். சாலைக்குக் குறுக்கே போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து நின்றார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர்.

வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் லாரியை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, எங்களுக்கு ஆதரவா வந்தீங்களா?"

"இல்லீங்க. நாங்க கப்பு ஜெயிச்சுட்டுத் திரும்பிப் போறோமுங்க" என்றாள் சுமலதா.

"அதுவும் நல்லதுதான். இந்த ஊருல நல்ல சேதி கேட்டு ரெண்டு வருசமாச்சு. எப்படி ஜெயிச்சீங்கன்னு ஒருக்கா காட்டுங்களேன்."

கூட்டம் கைதட்டியது. அதற்குள் ரஞ்சனி லாரியிலிருந்து குதித்துவிட்டாள். ஏன் குதித்தாள் என்று பிறகு பலர் அவளைக் கேட்டார்கள். கால் தரையில் படாத நாள் அது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"கபடி கபடி" என்று பாடிக்கொண்டு கயிற்றை நோக்கிப் போனாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பாதி வழியில் அவள் நாக்கு தானாகவே திரும்பிக்கொண்டது. "வெலகுடு வெலகுடு வெலகுடு" என்று வந்தது; தேயிலைக்கு விலை கொடு என்பது அந்த ஒரே மூச்சில் அப்படி ஆகிவிட்டது. சுற்றி நின்ற நூற்றுக்கணக்கான பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். இன்ஸ்பெக்டரின் தோளைத் தட்டினாள். அவர் அனிச்சையாகப் பின்னால் துள்ளினார். இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒரு காலத்தில் கபடி ஆடிய பழக்கதோஷத்தில், அவள் கணுக்காலுக்குப் பாய்ந்து ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். அவள் மூச்சு விடாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பஸ் ஸ்டாண்டு காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. கான்ஸ்டபிள்களில் ஒருவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

எல்லாம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் ஒருவர் ஒரு புகைப்படம் எடுத்திருந்தார்.

மறுநாள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் அது வந்தது. கை ஓங்கிய ஒரு பெண். பின்வாங்கும் ஓர் இன்ஸ்பெக்டர். "ஊர்வலத்தில் பரபரப்பு: இன்ஸ்பெக்டர் மீது கை வைத்த மாணவி" என்று தலைப்பு.

முதல்வர் பியாட்ரிஸ் மேடத்துக்குக் காலை எட்டு மணிக்கே தாளாளரிடமிருந்து போன். பியாட்ரிஸ் கெட்டவர் அல்ல. பதினெட்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவர். கல்லூரிக்குக் கெட்டபெயர் என்றால் மட்டும் உடனே பேனாவைத் திறந்துவிடுவார். பதினோரு மணிக்கு முதல் அறிக்கை தயாரானது. அலுவலக உதவியாளர் சின்னராஜ் அதை எடுத்துக்கொண்டு பத்திரிகை நிருபர்களிடம் ஓடினார். "படத்தில் காணப்படும் பெண் எங்கள் கல்லூரி மாணவி அல்ல."

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். படத்தில் அந்தப் பெண்ணின் முதுகு முழுக்கக் கல்லூரியின் பெயர் ஒரு சாண் உயர எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஏழு. போதாததற்கு, அதே பத்திரிகையின் பதினோராம் பக்கத்தில், விளையாட்டுச் செய்தியில், அதே பெண் அதே பனியனில் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே முதல்வரின் பாராட்டு வேறு. நிருபர்கள் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய்தார்கள்.

மாலைக்குள் இரண்டாவது அறிக்கை: மாணவி எங்களுடையவர்தான், ஆனால் போட்டி முடிந்துவிட்டதால் சம்பவ நேரத்தில் அவர் கல்லூரியின் பொறுப்பில் இல்லை. அடுத்த நாள் மூன்றாவது: அணி தற்காலிகமாகக் கலைக்கப்படுகிறது, மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது, ஒழுக்கத்தில் சமரசம் இல்லை.

ஹாஸ்டலில் ரஞ்சனி மூன்றையும் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தாள்.

"நேத்துக் காலையில நான் இந்தக் காலேஜே இல்ல. சாயந்தரம் பாதி காலேஜு. இன்னிக்கி முழுசா காலேஜு, ஆனா கெட்ட புள்ள" என்றாள். சுமலதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வார்டன் கதவைத் தட்டி, "இந்த நேரத்துல என்ன சிரிப்பு, வெக்கமா இல்ல?" என்று கேட்டபிறகு இன்னும் மோசமாகிவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் ரஞ்சனி சொன்னாள். "அந்த இன்ஸ்பெக்டர் சாரப் போய்ப் பாக்கணும். அவருக்கு என்னாச்சோ."

மறுநாள் இருவரும் கல்லூரியில் சொல்லாமலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்புங்க சார். ஒங்க மேல கை வச்சது தப்பு. ஜெயிச்ச சந்தோசத்துல என்னா செய்யறோம்னே தெரியலங்க" என்றாள் ரஞ்சனி.

அவர் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "வீட்டுல என் பொண்ணு ரெண்டு நாளா என்னைத் தொந்தரவு பண்றா. அப்பா, நீங்க அவுட்டான்னு கேக்கறா" என்றார்.

ரஞ்சனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "விதிப்படி அவுட்டுதாங்க சார்."

"அதான் நானும் சொன்னேன்." அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. "இத பாரும்மா. அன்னிக்கு அந்தக் கூட்டம் சூடா இருந்துச்சு. நீ வந்து ஆடிட்டுப் போனதும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கலைஞ்சுட்டாங்க. நான் கேஸ் எதுவும் போடலை. ஆனா இன்னொரு தடவை கயித்தைத் தாண்டுனா போடுவேன். புரியுதா?"

"புரியுதுங்க."

"ஆமா, உங்க காலேஜுல தினம் ஒரு அறிக்கை விடறாங்களே. என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே, ஏன்?"

அவர் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. தாவரவியல் பேராசிரியர், ஹாஸ்டல் வார்டன், அலுவலகக் கண்காணிப்பாளர் மூவரும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். வெற்றிச்செல்வன் ஒரு ஓரமாக நின்றார். "லாரியில ஏத்தி அனுப்புனது நான்தான். அதை முதல்ல எழுதிக்குங்க" என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"தொட்டியா, அடிச்சியா? அதுதான் கேள்வி" என்றார் தாவரவியல் பேராசிரியர். கனமான கண்ணாடி போட்ட, எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புகிற மனிதர். "எப்படித் தொட்டேன்னு செஞ்சு காட்டு."

"இங்கயேவாங்க சார்?"

"இங்கயேதான்."

ரஞ்சனி பின்னால் போய் நின்று மூச்சை இழுத்தாள். "கபடி கபடி" என்று ஆரம்பித்ததும் அறை அவளுக்கு மறைந்துவிட்டது. மேஜையை இடப்பக்கமாகச் சுற்றினாள். பேராசிரியர் அனிச்சையாக எழுந்து நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார். அவர் தோளைத் தட்டினாள். அருகில் வார்டன், "ஏய், என்கிட்ட வராதே" என்று ஃபைலைக் கேடயம்போல் பிடித்தார். ஃபைலுக்கு மேலே எட்டி அவர் விரலைத் தொட்டாள். கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் ஓடப் பார்த்தார். முழங்கையில் ஒரு தட்டு. மூன்று பேரும் அவுட். ரஞ்சனி பாட்டை விடாமல் வாசல்வரை வந்து நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

வெற்றிச்செல்வன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். "தொடுதல்தான்" என்று எழுதினார். "அடித்தல் அல்ல."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தாளாளர் விடவில்லை. பத்திரிகையில் வந்தது பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே முடிய வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில், நிருபர்கள் எதிரில், மாணவி மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும் என்று முடிவானது. கடிதத்தை அவளுக்குப் பதிலாக அலுவலகமே எழுதிக் கொடுத்தது.

ரஞ்சனி அதை ஞாயிற்றுக்கிழமை படித்தாள். இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்பு, சரி. கல்லூரிப் பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்பு, அதுவும் சரி. கடைசிப் பத்தியில் வந்து நின்றாள். "ஊர்வலத்தில் இருந்த தேயிலை விவசாயிகள் எங்களைத் தூண்டிவிட்டு முழக்கமிட வைத்தனர்."

பியாட்ரிஸ் மேடத்தின் அறைக்குப் போனாள். "மேடம், இது மட்டும் வேணாங்க. யாரும் என்னையத் தூண்டல. அது எனக்கா வந்துச்சு."

"இந்த வரி இருந்தா உனக்குத்தான் நல்லது ரஞ்சனி. பழி உன் மேல வராது."

"அவுங்க மேல வருதேங்க."

மேடம் பேனாவை மூடித் திறந்தார். "நாளைக்கு வாசி. எல்லாம் நாலு நாள்ல மறந்துரும்."

திங்கட்கிழமை ஆயிரத்து இருநூறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நான்கு நிருபர்கள். ரஞ்சனி மைக் முன்னால் நின்று நிதானமாக வாசித்தாள். இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்ட வரியை இரண்டு தடவை வாசித்தாள். அது அவள் மனதிலிருந்தே வந்தது. இரண்டாவது பத்தியையும் வாசித்தாள். மூன்றாவதற்கு வந்ததும் காகிதத்தை மடித்தாள்.

"இதுக்கு மேல எழுதியிருக்கிறது நடக்கலங்க. அதனால வாசிக்கல. எங்கப்பாம்மா எஸ்டேட்டுல வேலை செய்யறவுங்க. தேயிலைக்கு வெல இல்லேன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

பின்வரிசையில் எங்கோ ஒருத்தி கைதட்டினாள். பிறகு யார் தட்டுகிறார்கள், யார் தட்டவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பியாட்ரிஸ் மேடம் எழுந்து வந்தார். ரஞ்சனியின் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். கடைசிப் பத்தியைப் பார்த்தார். அதை வாசிக்கவும் இல்லை, ரஞ்சனியிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "கூட்டம் முடிந்தது. வகுப்புக்குப் போங்க" என்றார்.

நான்காவது அறிக்கை அன்று மாலை வெளியானது. ஒழுங்கீனத்துக்காக ஒரு மாதம் இடைநீக்கம். காரணம் ஒரே வரி. விவசாயிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ரஞ்சனி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊட்டி, கூடலூர் வழியாக ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். லயத்து வாசலில் காத்தாயி பத்திரிகையோடு நின்றாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் படம் பார்க்கத் தெரியும்.

"இந்த ஆளு ஏன் இப்பிடித் துள்றாரு?" என்று கேட்டாள்.

"அவுட்டாயிட்டாரும்மா."

காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. மறுநாள் கொழுந்து மலையில் பெண்கள் ரஞ்சனியை விடவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செய்துகாட்டச் சொன்னார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியை இன்ஸ்பெக்டராக நிற்க வைத்தார்கள். அந்த மாதத்தில் அவர் பதினாறு முறை அவுட்டானார்.

இருபதாவது நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கான அணியில் ரஞ்சனி தேர்வாகியிருந்தாள். தேர்வாளர்கள் கோயம்புத்தூர் இறுதியாட்டத்தைப் பார்த்திருந்தார்கள். அறிக்கைகளைப் படித்திருந்தார்களா என்று தெரியாது. கல்லூரி இரண்டே நாளில் ஐந்தாவது அறிக்கையை வெளியிட்டது. அதில் "எங்கள் மாணவி" என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது. கலைத்த அணி மறுபடி சேர்க்கப்பட்டது, மீதியிருந்த எட்டு நாள் இடைநீக்கம் "நல்லெண்ண அடிப்படையில்" ரத்தானது. வெற்றிச்செல்வன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போனபோது, நான்காவது அறிக்கை இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்தார். கிழிக்க மனம் வரவில்லை. பக்கத்திலேயே ஒட்டினார். ஒரு வாரம் மாணவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். கபடி அணிக்குப் பெயர் கொடுக்க நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்.

ரஞ்சனி போட்டிக்குக் கிளம்பும் முன் பியாட்ரிஸ் மேடம் கூப்பிட்டனுப்பினார். நிபந்தனைகள் எழுதிய உறுதிமொழித் தாள் ஒன்றை நீட்டினார். ஊர்வலங்களில் கலந்துகொள்ளக் கூடாது. லாரியில் ஏறக் கூடாது. பத்திரிகையாளரிடம் பேசக் கூடாது. இப்படிப் பதினொன்று. ரஞ்சனி கையெழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போனியாமே. இன்ஸ்பெக்டர் சொன்னார்" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம்."

"நான் போயிருக்கணும்" என்றார். பிறகு அவசரமாக, "ஸ்வெட்டர் வேண்டாம், அங்க வெயில் அதிகம்" என்று சேர்த்துக்கொண்டார்.

போட்டி ஒரு கடற்கரை ஊரில். அணி அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றது. பெண்கள் அழுதார்கள். ஒரு மணி நேரத்தில் பசித்தது, பரோட்டா சாப்பிட்டார்கள். மாலை நாலு மணிக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். ரஞ்சனி கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால்சட்டையை மடித்துவிடக்கூடத் தோன்றாமல் ஓடிப்போய் இறங்கினாள். ஓர் அலை வந்து அவளைக் குப்புறத் தள்ளியது. எழுந்தாள். அடுத்தது தள்ளியது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தாள். அணி மேலாளர் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பதினோரு நிபந்தனையில் கடல் இல்லை.

ஈரத்தோடே எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து எஸ்டேட் கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் ஆள் அனுப்பி இருளப்பனைக் கூட்டிவந்தார்.

"அப்பா, தோத்துட்டோம்."

"சரி."

"கடலப் பாத்தேன்."

இருளப்பன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கடலைத்தான் அவர் தாண்டி வந்தது. "நான் கப்பல்ல வாந்திதான் எடுத்தேன். ஒண்ணும் பாக்கல" என்றார். "எப்பிடி இருக்கு?"

ரஞ்சனி பூத்தின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். அணிப் பெண்கள் ஒருத்தியை நான்கு பேராகத் தூக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருங்கப்பா, இன்னொருக்கா பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடினாள்.